வெள்ளியிடம் கொடுத்தால் குளோரின் கழன்றுவரும்

பென்சீன் போன்ற அரோமாட்டிக் வளையத்தில் ஒட்டிய குளோரின் லேசில் விடாது. குளோரோபென்சீனைக் காரக் கரைசலில் போட்டுக் கொதிக்கவைத்தாலும் அசைந்துகொடுக்காது. மின்சாரத்தால் எலக்ட்ரானைத் திணித்து அதைக் கழற்றலாம், ஆனால் மூலக்கூறில் நைட்ரஜனும் இருந்தால் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நைட்ரோ தொகுதியாக இருந்தால் வருகிற எலக்ட்ரானை அதுவே முதலில் வாங்கிக்கொள்ளும். நைட்ரோ அமினோவாக மாறி, குளோரோநைட்ரோபென்சீன் குளோரோஅனிலின் ஆகும், குளோரின் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் அந்த அமினோ தொகுதி வளையத்துக்குள் எலக்ட்ரானைத் தள்ளுவதால் குளோரினை எடுப்பது இன்னும் கஷ்டம். பிரிடினில் (பென்சீன் வளையத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரஜன்) இருப்பதுபோல நைட்ரஜன் வளையத்துக்குள்ளேயே இருந்தால் நிலைமை தலைகீழ்: வளையமே எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்கும்.

எனக்குப் பிடித்த உதாரணம் குளோபைராலிட் என்ற களைக்கொல்லி. 3, 4, 5, 6 ஆகிய நான்கு இடங்களிலும் குளோரின் உள்ள பிகோலினிக் அமிலத்தை (பிரிடின் வளையத்தில் 2-ஆம் இடத்தில் அமிலத் தொகுதி ஒட்டியது) எடுத்து, 4, 5 இரண்டை மட்டும் கழற்றி, 3, 6 இரண்டையும் விட்டுவைத்தால் அது கிடைக்கும். முதலில் 4 போகும், பிறகு 5. கழலும் ஒவ்வொரு குளோரினுக்கும் இரண்டு எலக்ட்ரான், தண்ணீரிலிருந்து ஒரு ஹைட்ரஜன். ஒரு மோலுக்கு, அதாவது சுமார் 261 கிராமுக்கு, ஏறத்தாழ 107 ஆம்பியர்-மணி மின்சாரம் வேண்டும். இது காகிதக் கணக்குதான், நிஜத்தில் ஹைட்ரஜன் வாயுவாகக் கொஞ்சம் வீணாகும்.

இதற்கு டௌ கெமிக்கல் 1980 வாக்கில் காப்புரிமை பெற்ற வழி வெள்ளிக் கேத்தோடு, அதாவது எலக்ட்ரானைக் கொடுக்கும் எதிர்மின்வாய். அதன்மேல் ஹைட்ரஜன் வாயு எளிதில் வராது என்பதால் பாதரசத்தையும் இந்த மாதிரி வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் வெள்ளிக்குக் குளோரின் மேல் தனிப் பிரியம், அந்தப் பிணைப்பை அது சுலபமாக இளக்கிவிடும். ஒரு சங்கதி: பளபளக்கும் வெள்ளியை அப்படியே இறக்கினால் சுமாராகத்தான் வேலை செய்யும். காரக் கரைசலில் முதலில் அதை நேர்மின்வாயாக்கி மேலே கருப்பாக ஆக்சைடு படியவிட்டு, பிறகு திசையை மாற்றி மறுபடி வெள்ளியாக்குவார்கள். மேற்பரப்பு மங்கி, பஞ்சுபோல நுண்துளைகளோடு வரும், வேலை நடப்பது அங்கேதான்.

"மின்சாரம் பாய்ச்சினோம், குளோரின் போய்விட்டது" என்று எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது, எந்தக் குளோரின், எந்த மின்னழுத்தத்தில் என்றுதான். எல்லை தாண்டினால் விட்டுவைக்க வேண்டிய இரண்டும் கழல ஆரம்பிக்கும், கூடவே தண்ணீரும் உடையும், மின்கட்டணம்தான் மிச்சம்.