குற்றாலத்து வெள்ளம்: சில நாட்குறிப்புகள்

மே 17, 2024, வெள்ளி

பழைய குற்றாலத்தில் இன்று திடீர் வெள்ளம். குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறியடித்து ஓடியிருக்கிறது. பதின்ம வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது, தேடிப் பிணமாகத்தான் எடுத்தார்கள். வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. ஒரு தடவை பார்த்தேன், போதும்.

மே 18, சனி

பால் வாங்கப் போன இடத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சீசனே தொடங்கவில்லை, மே மாதத்தில் எப்படி இவ்வளவு தண்ணீர்? கோடை மழையைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சீசன் சாரல் நாள் முழுக்கத் தூறும், அருவியும் பெரும்பாலும் மெல்லக் கூடும். கோடையிலோ பகல் வெயிலில் சூடான ஈரக்காற்று மலையில் மோதி மேலே எழும்பி, சின்ன இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மேலே செங்குத்தான பாறை, அதன்மேல் கொஞ்சம் மண். அந்த மண் எவ்வளவுதான் குடிக்கும்? மிச்சமெல்லாம் ஓடை ஓடையாக இறங்கி ஒரே இடத்தில் வந்து விழுகிறது, அந்த நேரத்தில் கீழே நிற்பவர் மேல் ஒரு சொட்டு மழைகூட விழாமல் இருக்கலாம். அதிலும் அருவிக்குள் தலையைக் கொடுத்து நிற்பவருக்குக் கண் மூடியிருக்கும், காதில் இரைச்சல், உடம்பெல்லாம் எண்ணெய். தண்ணீர் கூடுவது அவருக்குத்தான் கடைசியாகத் தெரியும். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் குளிக்காமல் வெளியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம், பிள்ளைகள் முணுமுணுத்தாலும் சரி.

மே 19, ஞாயிறு

மதுரையிலிருந்து மச்சினன் போன். "அத்தான், அருவியிலதான தடை? ஏதாவது ஓடையில குளிச்சுட்டுப் போயிடுறோமே."

இதுதான் எனக்கு எரிச்சல். அருவியிலாவது போலீஸ் நிற்கும், விசில் அடிக்கும், பிடித்து ஏறப் படிக்கட்டு இருக்கும். ஆளில்லாத ஓடையில் என்ன இருக்கிறது? வானிலை மையம் கனமழை என்று சொன்ன நாளில் மலைப்பக்கமே வராதே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். கோபித்துக்கொண்டான்.

ஜூன் 16, ஞாயிறு

சீசன் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சை, அதாவது பாதுகாப்பு வளைவை, தாண்டி விழுந்தால் யாரையும் விடமாட்டார்கள், அது ஊரறிந்த கணக்கு. ஓடைக்கு அப்படி அளவு ஏதும் கிடையாது. தெளிந்த தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே வெளியே வர வேண்டும். சிலசமயம் இந்த அறிகுறிகளும் வெள்ளமும் ஒன்றாகவே வந்துவிடும் என்பதால் சந்தேகம் வந்தாலே ஏறிவிடுவது நல்லது. பை, செருப்பு, செல்போன் எல்லாம் கிடக்கட்டும். ஓடை போகிற திசையில் ஓடினால் தண்ணீர் துரத்திப் பிடித்துவிடும், பக்கவாட்டில் மேட்டில் ஏறணும். நடுப்பாறையில் நின்று செல்ஃபி எடுப்பவர்களிடம் என்ன சொல்வது, திரும்பும் வழி முதலில் மூழ்கும் என்பதைத் தவிர?

டிசம்பர் 13, 2024, வெள்ளி

மறுபடி வெள்ளம். இது வடகிழக்குப் பருவமழை, எல்லா இடத்திலும் பெய்கிறது, குற்றாலத்து அருவிகள் எல்லாம் பொங்குகின்றன. போன வருடம் இதே டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதை நினைத்தால் இப்போதும் நடுக்கம்தான்.

தரைப்பாலத்தில் ஒருவர் காரை இறக்கப் பார்த்தார். முழங்கால் அளவுகூட இல்லையே என்றார். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளும், ஒரு அடியில் சின்ன கார் மிதக்க ஆரம்பிக்கும், இரண்டு அடி போதும் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போக. அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. "அண்ணாச்சி, சுத்திப் போனா அரை மணி நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்" என்று டீக்கடைக்காரர் சொன்ன பிறகு முறைத்துக்கொண்டே திருப்பினார். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் கூப்பிட்டுப் பாலம் மூழ்கியதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.