நாக்கை வழித்துவிட்டுச் சின்சேயிடம் போகாதீர்கள்

எட்டு மாதமாக முழங்கை மடிப்பில் நீர் கசிந்துகொண்டிருந்த கரப்பானுக்காக, சிங்கப்பூரில் ஒரு சின்சேயிடம், அதாவது சீனப் பாரம்பரிய மருத்துவரிடம், சென்றேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு நாக்கை நீட்டச் சொன்ன சின்சே, காலையில் வழித்தீர்களா, கோப்பி குடித்தீர்களா என்று கேட்டார். இரண்டையும் செய்திருந்தேன். அவர் பார்க்க வேண்டிய, நாக்கில் படிந்திருந்ததில் பாதியை நானே வழித்தெறிந்திருந்தேன்; மீதி கறுத்திருந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். முன்பதிவின்போதே இதைச் சொல்லாத முகப்புப் பணியாளர், கட்டணம் வாங்க மட்டும் மறக்கவில்லை.

நாக்குக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது அடுத்த முறைதான் புரிந்தது. அவர்கள் கணக்கில் கரப்பானுக்கு ஒரே காரணம் கிடையாது. திடீரென எழுந்து இடம் மாறும் அரிப்பு, காற்றினால் வருவது. நீர் கசிந்து, போனதுபோல் போய்த் திரும்புவது ஈரத்தினால். சிவப்பும் எரிச்சலும் சூட்டினால். அந்த ஈரம் வெளியிலிருந்து மட்டுமல்லாமல், இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் மண்ணீரலைத் தளர்த்துவதாலும் உள்ளேயே சேரும் என்றார். (அவர் சொல்லும் மண்ணீரல் செரிமானத்தை நடத்துவது, உடற்கூறு நூலில் உள்ளதன்று.) நோய் நாட்பட்டால் இரத்தம் குன்றித் தோல் வறண்டு தடிக்கும், அந்த நிலையில் ஈரத்தை உலர்த்தும் கசப்பு மூலிகைகளைக் கொடுத்தால் வறட்சி கூடும் என்பது அவர்கள் கருத்து. என் நாக்கில் மஞ்சள் நிறப் பிசுபிசுப்பு இருந்ததால் ஈரச்சூடு என்று முடிவு செய்தார். ஆகவே, அடுத்த வீட்டுக்காரருக்குக் குணம் தந்த மூலிகைப் பொட்டலத்தை வாங்கிக் குடிக்காதீர்கள்.

இறாலும் நண்டும் கூடாது என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவதைத்தான் இவர்கள் 'ஃபா வு' என்கிறார்கள்.

பெயர்ச்சீட்டு இல்லாத 'மூலிகைக் களிம்பு' எதையும் வாங்க வேண்டாம். 1999இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் சோதித்த 11 சீன மூலிகைக் களிம்புகளில் எட்டில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு இருந்தது. தோல் மருத்துவர் எழுதிய களிம்பை நானாக நிறுத்தாமல், அதன் பெயரைச் சின்சேயிடமும், அவர் கொடுத்த கஷாயத்தின் மூலிகைப் பட்டியலைத் தோல் மருத்துவரிடமும் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கசிவு நின்றது. அது களிம்பாலா, கஷாயத்தாலா, இறாலை விட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.