விலங்கியல் படித்துவிட்டு 108-க்குப் போன கதை

பி.எஸ்சி. விலங்கியல் முடித்து ஒன்றரை வருடம் செங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். யாரோ நகலெடுக்கக் கொண்டுவந்த தாளில்தான் அந்த விளம்பரம் இருந்தது. 108 ஆம்புலன்ஸுக்கு மருத்துவ உதவியாளர், ஓட்டுநர் தேர்வு முகாம். நர்சிங், டி.எம்.எல்.டி., டி.ஃபார்ம். என்று வரிசையாகப் போட்டு, விலங்கியல், தாவரவியல் பட்டதாரிகளும் வரலாம் என்று முடித்திருந்தார்கள். வயது 19-க்கு மேல், 30-க்குள். எனக்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

முகாமில் ஒரே நாளில் மூன்று கட்டம். முதலில் எழுத்துத் தேர்வு. அடுத்து உடற்கூறும் முதலுதவியும் கேட்கும் நேர்காணல். கடைசியில் மனிதவளத் துறைக்காரர்கள். உடற்கூறு நேர்காணலில் இதயத்துக்கு எத்தனை அறை என்றார்கள். "தவளைக்கு மூணு, மனுஷனுக்கு நாலு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தவளையை நாம ஏத்திக்கிட்டுப் போறதில்லம்மா" என்றார் ஒருவர். போச்சு என்றுதான் நினைத்தேன், ஆனால் பெயர் வந்துவிட்டது. வாசலில் ஓர் ஆள் "கொஞ்சம் செலவு பண்ணா முடிச்சுத் தரேன்" என்று எண் கொடுத்தான். நான் ஒரு ரூபாய்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. போகிறவர்களும் கொடுக்காதீர்கள்.

பயிற்சி 50 நாள். கொஞ்சம் வகுப்பு, கொஞ்சம் மருத்துவமனை, மீதி வண்டியில். வகுப்பு எனக்குப் பெரிதாகக் கஷ்டமில்லை, மனப்பாடம் பழகியதுதானே. சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. "கல்லை வெச்சு அளந்தாலும் 3 வரும், பூஜ்யம்னு எழுதிட்டு வந்துடாதீங்க" என்பார் பயிற்றுநர்.

கஷ்டம் கைக்குத்தான். அதுவரை முன்பின் தெரியாத ஒருவர் உடம்பை நான் தொட்டதே இல்லை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு கொடுக்கும் முதலுதவியான சி.பி.ஆர். பழகும் பொம்மையைக்கூட முதல் நாள் கூச்சத்தோடுதான் அமுக்கினேன். நெஞ்சு 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை. 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. சினிமாவில் முழங்கையை மடக்கி மடக்கிக் குத்துவார்களே, அது எதற்கும் உதவாது. கையை மடக்காமல் தோளிலிருந்து இறக்கினால்தான் உள்ளே போகும். இரண்டு நிமிடத்தில் ஆள் மாறச் சொல்வது ஏன் என்று ஒன்றரை நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. மறுநாள் தலை சீவக் கை தூக்க முடியவில்லை.

ஆண்கள் வார்டில் பி.பி. பார்க்க அனுப்பினார்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினால் என் இதயத் துடிப்புதான் கேட்டது. மூன்றாவது முறையும் காற்றை ஏற்றியபோது கட்டிலில் இருந்த தாத்தா, "நேத்து வந்த பையன் குழாயை முழங்கை மடிப்புல வெச்சாம்மா, நீ மேலயே வெக்கிற" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஓடுகிற வண்டியில் அந்தச் சத்தமும் கேட்காது என்பது அப்புறம் தெரிந்தது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை இறக்க வேண்டும். துடிப்பு திரும்ப வரும் இடம்தான் மேல் அளவு. கீழ் அளவு இந்த முறையில் கிடைக்காது.

பிரசவ வார்டில் ஒரு வாரம். தலை தெரிந்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விழறதா இருந்தா வெளிய போய் விழு" என்றார். விழவில்லை. அடுத்த குழந்தையை நான்தான் துடைத்துத் துணியில் சுற்றினேன்.

வகுப்பில் நடந்த நாடகத் தேர்வில்தான் கோட்டைவிட்டேன். உடன் படித்தவள் மூச்சுத்திணறல் நோயாளியாகப் படுத்திருந்தாள். சாய்த்து உட்கார வைத்தேன், கேள்வியெல்லாம் கேட்டேன். ஆக்சிஜன் அளவு 84 என்று பயிற்றுநர் சொன்னார். "முகமூடி போட்டு ஆக்சிஜன் கொடுக்கிறேன் சார்" என்றேன். "சொல்லாத, குடு." சிலிண்டரைத் திறக்கச் சாவியைத் தேடினால் காணோம். பையில் இல்லை, மேசையில் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "வண்டியை எடுக்கும்போதே பாத்திருக்கணும். உன் பேஷண்ட் போயிட்டார்." படுத்திருந்தவள் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

கடைசி நாட்களில் ஒரு சீனியர் அண்ணனோடு வண்டியில் போட்டார்கள். வண்டி ஓட்டுநரைப் பைலட் என்றுதான் சொல்வோம். ஒரு ராத்திரி பாம்புக்கடி. களத்தில் படுத்திருந்த அம்மாவுக்குக் கணுக்காலில் கடி. தொடையில் புடவைக் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தார்கள், கால் கறுத்துப்போயிருந்தது. கட்டக் கூடாது என்று படித்த ஞாபகத்தில் அவிழ்க்கக் கை நீட்டினேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். "கட்டினது தப்புதான். இப்ப சட்டுனு அவிழ்த்தா தேங்கினது மொத்தமா ஏறும். மருந்து இருக்கிற இடத்துல அவிழ்ப்பாங்க." காலை அசையாமல் மட்டையில் வைத்துக் கட்டினோம். மருத்துவமனைக்குப் போனில் சொல்லிவிட்டார். என் வேலை ஒன்றுதான்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "மேல பாரும்மா" என்று சொல்லி, இமை சொருகுகிறதா என்று பார்த்து நேரத்தோடு எழுதுவது. கட்டுவிரியனாக இருந்தால் முதலில் இமைதான் காட்டிக்கொடுக்கும். நான்காவது தடவை இடது இமை முழுதாக எழவில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவர் பைலட்டிடம் ஏதோ சொன்னார், வண்டி வேகமெடுத்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், மூன்று நாள் வென்டிலேட்டருக்கு அப்புறம்.

பணி ஆணையில் வேறு மாவட்டம். எங்கே போட்டாலும் போக வேண்டும் என்று முதலிலேயே சொல்லித்தான் எடுத்தார்கள். முதல் நாள் ராத்திரி ஷிஃப்ட், 12 மணி நேரம். பகல் ஷிஃப்ட் முடித்தவர் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டே, "எல்லாம் சரியா இருக்கும்மா, கையெழுத்துப் போட்டுடு" என்றார். நான் வண்டிக்குள் ஏறிச் சிலிண்டரைப் பார்த்தேன்.

"அண்ணா, சாவி எங்க?"

பேன்ட் பையைத் தடவிப் பார்த்தவர் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.