கழித்துப்போட்ட சுருள்களில் ஒரு நடிகரின் வாழ்க்கை

நடிகர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படங்களிற் பெரும்பாலானவை பிறப்பு, வறுமை, புகழ், திருமணங்கள், வழக்குகள், மறைவு என்ற வரிசையிலேயே நகர்கின்றன. அந்த மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட வேலையோ, இடையிடையே வந்துபோகும் சில காட்சித் துண்டுகளோடு முடிந்துவிடுகிறது. சார்லி சாப்ளினைப் பற்றிக் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் உருவாக்கிய ‘அன்நோன் சாப்ளின்’ இந்த வழக்கத்தை அடியோடு விட்டு விலகியது. 1983இல் பிரித்தானியாவின் தேம்ஸ் தொலைக்காட்சி மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய இப்படத்தை, உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கும் என் பெறாமகளோடு திருகோணமலை உவர்மலை வீட்டில் இருந்து அண்மையில் மறுபடியும் பார்த்தேன். ஒரு நடிகரின் வாழ்க்கையை அவருடைய வேலைக்குள்ளேயே தேட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறேன்; அதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

தாம் ஒதுக்கிய சுருள்களை அழித்துவிடும்படி சாப்ளின் சொல்லியிருந்தார். ஆனாலும் 1916, 1917ஆம் ஆண்டுகளில் மியூச்சுவல் கம்பனிக்காக அவர் எடுத்த 12 குறும்படங்களின் மிச்சச் சுருள்கள் தப்பிப் பிழைத்து, ரேமண்ட் ரொஹாவர் என்ற சேகரிப்பாளரின் கைக்குப் போயிருந்தன. சாப்ளினின் மனைவி ஊனாவும் குடும்பத்தின் வசமிருந்த சுருள்களைப் பார்க்க அனுமதித்தார். ஒவ்வொரு முறையும் காட்சி எடுக்கத் தொடங்கும்போது கமராவுக்கு முன் காட்டப்படும் பலகையில் ஓர் எண் இருக்கும். அந்த எண்களின் வரிசையில் சுருள்களை ஒழுங்குபடுத்திப் பார்த்தபோதுதான், எழுதி முடித்த கதை எதுவும் கையில் இல்லாமல், கமராவை ஓடவிட்டு அதன் முன்னாலேயே சாப்ளின் ஒத்திகை பார்த்தார் என்பது நாள்வாரியாகத் தெரியவந்தது.

‘தி இமிக்ரன்ட்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கப்பலில் வந்திறங்கும் ஏழைகளின் கதையாக நாம் அறிந்த அந்தப் படம், கலைஞர்கள் கூடும் ஓர் உணவகத்தின் வேடிக்கைக் காட்சியாகவே தொடங்கியிருக்கிறது. பரிசாரகனாக முதலில் ஹென்றி பெர்க்மன் நடிக்கிறார். பல முறை எடுத்துப் பார்த்தும் அவரிடம் அச்சம் பிறக்கவில்லை. ஆகவே மலை போன்ற உடம்புள்ள எரிக் காம்பெல் அந்த இடத்துக்கு வர, காசில்லாமல் சாப்பிட்டவனின் நடுக்கத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. படத்தின் முற்பகுதியாகிய கப்பற் காட்சிகள், பிற்பகுதியை எடுத்த பின்னரே அவருக்குத் தோன்றியவை.

இரண்டாம் பகுதியில் ‘சிட்டி லைட்ஸ்’ வருகிறது. கண் தெரியாத பூக்காரி, சாப்ளின் நடிக்கும் ஒன்றுமில்லாத நாடோடியைப் பணக்காரன் என்று எப்படி நம்புவாள் என்ற ஒரே கேள்விக்காகப் படப்பிடிப்பு திரும்பத் திரும்பத் தடைப்பட்டது. விடை மிக எளிமையானது. வாகன நெரிசலுக்குள் நிற்கும் பொலிஸ்காரனைத் தவிர்ப்பதற்காக, நின்றிருந்த காரொன்றின் ஒரு கதவால் ஏறி மறு கதவால் இறங்குகிறான் நாடோடி. கதவு சாத்தப்படும் ஓசை கேட்டுப் பூக்காரி பூவை நீட்டுகிறாள். பின்னர் காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறிக் கதவைச் சாத்திப் புறப்பட, மீதிக் காசை வாங்காமலே அவன் போய்விட்டான் என்று நினைக்கிறாள்.

“சித்தப்பா, ஒரு கதவுச் சத்தத்துக்காகவா இவ்வளவு நாள்? இதில சத்தமே கேக்காதே,” என்றாள் பெறாமகள்.

அவள் பிடித்த இடம் சரியானது. பேசும் படம் வந்து சில ஆண்டுகள் கழிந்து, 1931இல் வெளிவந்த இந்தப் படத்தில் இசை உண்டு, பேச்சில்லை. ஓர் ஓசையை அவளுக்குக் கேட்கவைத்து, நமக்கு அதைக் கண்ணால் காட்ட வேண்டும். காரின் கதவு, அவள் முகம் திரும்பும் கணம், பூ நீளும் கை ஆகியவை இம்மியளவு பிசகினாலும் கதை நின்றுவிடும். அந்தக் காட்சியை அவர் நெறிப்படுத்துவதை ஓவியர் ரால்ஃப் பார்ட்டன் தம் சொந்தக் கமராவால் எடுத்த துண்டும் இதில் உண்டு. சாப்ளின் பூக்காரியின் இடத்தில் தாமே நின்று, பூவை எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறார்.

இதன் கடுமையையும் ஆவணப்படம் மறைக்கவில்லை. பூக்காரியாக நடித்த வெர்ஜீனியா செரில், தாம் விலக்கப்பட்டதையும், ஜோர்ஜியா ஹேலை வைத்துப் பார்த்த பின்னர் மறுபடி அழைக்கப்பட்டபோது சம்பளத்தை இரட்டிப்பாகக் கேட்டதையும் தம் வாயாலேயே சொல்கிறார். அவர் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாம் பகுதி சற்றுச் சிதறலானது. ஆனாலும் ‘சிட்டி லைட்ஸ்’ படத்திலிருந்து அவர் நீக்கிய ஒரு காட்சிக்காகவே அதைப் பார்க்கலாம். நடைபாதைக் கம்பித் தட்டில் சிக்கிய சிறு மரத்துண்டைக் கைத்தடியால் உள்ளே தள்ள நாடோடி முயல்கிறான், அவ்வளவுதான். தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது. குறையே சொல்ல முடியாத அந்தக் காட்சியைக் கதைக்குத் தேவையில்லை என்று முழுதாக வெட்டிவிட்டார். இலண்டனில் 1889இல் பிறந்து ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர், 1932இல் உலகப் பயணத்தின்போது இலங்கைக்கும் வந்துபோனவர், 1952இல் அமெரிக்காவுக்குத் திரும்ப முடியாமற்போனவர் என்பவற்றையெல்லாம் வேறெங்கும் படித்துக்கொள்ளலாம். இந்த வெட்டைச் செய்த மனம் இங்கேதான் கிடைக்கிறது.

இந்த ஆவணப்படம் வெளிவந்த அதே 1983இல், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த ஜூலைக் கலவரத்தில், ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டுப் படச்சுருள்களும் சாம்பலாயின. அழிக்கச் சொன்ன சாப்ளினின் சுருள்கள் மிஞ்சியிருக்க, எவரும் அழிக்கச் சொல்லாத நம் சுருள்கள் போய்விட்டன என்பதை நினைக்கையில் நெஞ்சு பொறுக்கவில்லை. கிழக்கின் கூத்துக் களரிகளிலும் அரங்கேற்றத்தைத்தான் பதிவு செய்கிறோம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஓர் ஆட்டத்தை நிறுத்தி, தாளத்தை மாற்றி, மறுபடி ஆடச் சொல்லும் இரவுகளை யாரும் எடுப்பதில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் கமரா இருக்கிறது. ஒத்திகைகளை எடுங்கள், எடுத்ததை அழிக்காதீர்கள் என்று நாடகக் குழுக்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பார்க்க விரும்புவோர் முதலில் ‘தி இமிக்ரன்ட்’, ‘சிட்டி லைட்ஸ்’ இரண்டையும் முழுமையாகப் பார்த்துவிட்டு ஆவணப்படத்துக்கு வருவது நல்லது. முடிந்த வடிவம் மனதில் இருந்தால்தான், அவர் எதை ஏன் கைவிட்டார் என்பது விளங்கும்.