நூறு நாள் வேலைக் கணக்கைச் சரிபார்க்கப் போனபோது

2019ல் சமூகத் தணிக்கைக்கு எங்கள் ஊரிலிருந்து என்னையும் எடுத்தார்கள். சொந்த ஊராட்சிக் கணக்கைப் பார்க்கக் கூடாது என்பதால் உசிலம்பட்டிப் பக்கம் வேறொரு ஊராட்சிக்கு நான்கு பெண்கள் போனோம். பார்க்க வேண்டியது 2018-19 கணக்கு.

அப்போதிருந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி இந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டியது கிராம சபை, அதாவது ஊர் மக்கள். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யோடு கலந்து 2011ல் விதிகளும் போட்டிருந்தார்கள்: வேலையை நடத்துகிறவர்கள் தலையிடக் கூடாது, கிராம சபைக்கு 15 நாள் முன்னாடியே பதிவேடுகளைக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு வந்தது நாங்கள் போய் இறங்கிய மூன்றாம் நாள் மத்தியானம், அதிலும் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) இல்லை. "சார் கையெழுத்துக்குப் போயிருக்கு" என்றார்கள். எதெது வரவில்லை என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கினோம். சாயங்காலமே எம்-புக் வந்துவிட்டது. யார் போனாலும் இதைச் செய்யுங்கள், வாய்வார்த்தையாகக் கேட்டால் நாள்தான் ஓடும்.

இன்னொன்று சாப்பாடு. முதல் நாளே ஊராட்சியிலிருந்து பார்சல் வந்தது. வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்புறம்தான் ஒரு அக்கா கிட்டே வந்து, "நீங்க அவுக ஆளுக இல்லையா தாயி?" என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

தகரப் பெட்டியிலிருந்து வேலை அட்டையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை. என்.எம்.ஆரில், அதாவது வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலில், அவருக்கு 12 நாள் வருகை இருந்தது. அவர் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி வந்தார். பால் கணக்குக்கு நடுவே, வேலைக்குப் போன நாளிலெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். நானும் அவரும் விரல் வைத்து எண்ணினோம், 24. அந்த வருசம் நாள் கூலி 224 ரூபாய் என்பதால் விடுபட்ட 12 நாளுக்கு 2,688 ரூபாய் வர வேண்டியிருந்தது.

அதே என்.எம்.ஆரில் இன்னொரு பெண்ணுக்கு 24 நாளும் முழுசாக வருகை. அந்த வீட்டுக்குப் போனால் மாமியார் மட்டும் இருந்தார். "அது பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போயி ரெண்டு வருசமாச்சே" என்றார். பணம் அந்தப் பெண் கணக்கில்தான் ஏறியிருந்தது, ஆனால் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் அந்த வீட்டில் இல்லை.

வரத்துக்கால்வாய் 300 மீட்டர் தூர்வாரியதாக எம்-புக்கில் இருந்தது. 30 மீட்டர் டேப்பை வைத்து அளந்துகொண்டே போனோம், ஏழு தடவை வைத்ததும் சீமைக்கருவேலம் வழியை மறித்துவிட்டது. ஒவ்வொரு மரமும் தொடைத் தடிமன், ஒரு வருசத்தில் வளர்ந்ததில்லை. வவுச்சரும் பில்லும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியிருந்தன. ஆபீசில் உட்கார்ந்து எத்தனை முறை புரட்டினாலும் அந்த மரங்கள் தெரிந்திருக்காது. மஸ்டர் ரோலை அப்போது நரேகா (நூறு நாள் வேலைத் திட்டம்) இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க முடிந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பேர் உள்ளவர்களிடம் வாசித்துக் காட்டினால்தான் உண்மை வெளியே வரும்.

கிராம சபை நாடக மேடையில் நடந்தது. தலைமைக்கு, இந்த வேலைகளில் சம்பந்தமில்லாத ஒருவரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் ஒவ்வொரு பேராக வாசித்தோம். அந்த அக்கா பேர் வந்ததும் காலண்டரோடு எழுந்து நின்று, "வட்டம் போட்ட நாளெல்லாம் நான் மண்ணு அள்ளுன நாளு" என்றார். பணித்தளப் பொறுப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். தீர்மானத்தில் எழுதினார்கள். எழுதியதை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, 12 நாள் என்று காதில் விழுந்த பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.