மெழுகு உருளையில் கேட்ட ரீங்காரம்

முதலில் அதை மின்சார இரைச்சல் என்றுதான் நினைத்தேன். புதிதாகச் சீவிய மெழுகு உருளையை, மெழுகில் ஒலியைப் பதிந்து திருப்பிக் கேட்கும் பழைய கருவியான ஃபோனோகிராஃபில் ஏற்றி, புனலின் வாயைத் துணியால் அடைத்து, யாரும் பேசாத இரண்டு நிமிட மௌனத்தைப் பதிந்தேன். திருப்பிக் கேட்டபோது மௌனத்துக்கு அடியில் ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் ஓடியது. நான் கேட்டுக்கொண்டிருந்த ஃபோனோகிராஃப் சாவி முடுக்கி ஓடுவது. அதில் மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரீங்காரம் மெழுகிலேயே இருந்தது. அதை அங்கே எழுதியது என்னுடைய சீவும் இயந்திரம்.

இந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். அலுவலகங்களில் மேலாளர் குழாயில் பேசிக் கடிதம் சொல்ல, தட்டச்சர் அதைக் கேட்டு அடித்த காலம் ஒன்று இருந்தது. டிக்டாஃபோன், எடிஃபோன் என்ற பெயர்களெல்லாம் அந்தக் காலத்தவை. பேச்சு மெழுகு உருளையில் பதியும். கடிதம் தட்டச்சானதும் உருளையின் மேல்தோலை மெல்லச் சீவிவிட்டால் அது மறுபடி புது உருளை. உருளையை மாட்டிக்கொண்டு மோட்டாரில் சுழலும் ஒரு கூம்புத் தண்டு (மாண்ட்ரல்), அதற்கு இணையாக ஒரு வழிகாட்டித் தண்டு, மரைத்தண்டைப் பற்றிக்கொண்டு நகரும் வண்டி, வண்டியில் நீலக்கல் கத்தி: சீவும் இயந்திரம் என்பது அடிப்படையில் ஒரு சிறிய கடைசல் இயந்திரம்தான். என்னிடம் இருப்பதன் பெயர்ப்பலகை எப்போதோ உதிர்ந்துவிட்டது. வார்ப்பிரும்பு உடல், தேய்ந்த கறுப்பு வண்ணம். அதன் எடையைத் தூக்கிப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

குறை கத்தியில் இருக்கும் என்று நான்கு மாதங்களை வீணடித்தேன். வட்டமான கத்தி அது; ஒரு பக்கம் மழுங்கினால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பிப் புது விளிம்பைக் கொண்டுவரலாம். திருப்பினேன். உருப்பெருக்கியில் பார்த்தேன். மெருகேற்ற அனுப்பினேன். கோணத்தை மாற்றினேன். மெழுகு கண்ணாடிபோல் மின்னியது. ரீங்காரம் அப்படியே இருந்தது. கண்ணை நம்பியதுதான் நான் செய்த பிழை. சீவிய பரப்பு பளபளப்பதாலேயே அமைதியாக இருந்துவிடாது. இரண்டு நிமிட உருளையில் ஊசி கீறும் வரிகள் ஓர் அங்குலத்துக்கு 100. ஒலி அலைகளோ அந்த வரிகளின் அடியில் மேடு பள்ளமாக, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாத அலையும் காதுக்குப் பெரிய சத்தம்.

கடைசல் வேலையில் ஊறிய நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் மெழுகு உருளையைத் தொட்டதே இல்லை. "கத்தி வெட்டத்தான் செய்கிறது. அதைப் பிடித்திருக்கும் கை ஆடுகிறதா என்று பார்த்தீர்களா?" என்றார். அன்றைக்கு இரவு கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து ரீங்காரத்தை அளந்தேன். 240 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 அலைகள்.

அதற்குப் பிறகு கணக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. உருளை ஒலிக்கும்போது நிமிடத்துக்கு 160 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.375 நொடி. அப்படியானால் ஒரு சுற்றில் 90 அலைகள் மெழுகில் இருக்கின்றன. என் இயந்திரம் சீவும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. இருபதை 90 ஆல் பெருக்கினால் 1800. சீவும் நேரத்தில் ஏதோ ஒன்று நொடிக்கு 1800 முறை அதிர்ந்திருக்கிறது. மோட்டார் கப்பியை மாற்றி வேகத்தை 900 சுற்றாகக் குறைத்து இன்னோர் உருளையைச் சீவினேன். மௌனத்தைப் பதிந்து கேட்டால் ரீங்காரம் 320க்கு ஏறியிருந்தது. மெதுவாகச் சீவினால் சுருதி உயர்கிறது! முந்தைய வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு சுற்றில் 120 அலை, நொடிக்கு 15 சுற்று. மறுபடியும் அதே 1800. வேகம் மாறினாலும் மாறாத அதிர்வு என்றால் அது சுழலும் பாகத்தில் பிறக்கவில்லை. மீட்டிய தந்திபோலத் தன் இயல்பான சுருதியில் பாடும் ஏதோ ஒரு துண்டு. கத்தியைத் தாங்கும் கைதான் அது.

கையின் இரு பக்கமும் கூம்பு முனைத் திருகுகள். அவற்றில் பழைய எண்ணெய் அரக்குபோல் இறுகி, ஆட்டமே இல்லாததுபோல் ஏமாற்றிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியதும் கை லொடலொடவென்று ஆடியது. திருகை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கை தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும், பக்கவாட்டில் நகரக்கூடாது. அந்தச் சரியான நிலை திருகின் கால் திருப்பத்துக்கும் குறைவான அகலம் கொண்டது. ஒரு முழு மாலைப்பொழுது பிடித்தது. ரீங்காரம் போயிற்று.

போனதும், அது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த இன்னொன்று கேட்டது. ஒன்றரை நொடிக்கு ஒரு முறை மெத்தென்று ஒரு 'டப்'. சுற்றுக்கு ஒன்றாக வந்திருந்தால் மாண்ட்ரலின் கோணல் என்று சொல்லியிருப்பேன். இது நான்கு சுற்றுக்கு ஒன்று. என் இயந்திரத்தில் கத்தி ஒரு சுற்றுக்கு நகரும் தூரமும் வரிகளின் இடைவெளியும் ஒன்றேதான். ஆகவே சீவும்போதும் நான்கு சுற்றுக்கு ஒரு முறை ஏதோ இடித்திருக்கிறது. பெல்ட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கையால் சுற்றினேன். மாண்ட்ரல் நான்கு முறை சுற்றினால் பெல்ட் ஒரு முறை சுற்றி வருகிறது. பெல்ட்டின் இணைப்பில் இருந்த உலோகக் கொக்கி கப்பியைத் தாண்டும்போதெல்லாம் மெழுகில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. கொக்கியை எடுத்துவிட்டு, பெல்ட்டின் இரு முனைகளையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டினேன்.

மாண்ட்ரலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோணலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள், கூம்பைத் துடைத்து வையுங்கள், உருளையின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்து ஒவ்வொரு முறையும் அதே திசையில் ஏற்றுங்கள்.

மெழுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெழுகு என்கிறோமே தவிர, அந்தப் பழுப்பு உருளைகள் பெரும்பாலும் உலோகச் சோப்புதான். ஸ்டியரிக் அமிலத்தைச் சோடியம், அலுமினியத்தோடு சேர்த்துக் காய்ச்சியது. குளிர்ந்திருந்தால் பொடியாக உதிரும். வெதுவெதுப்பு கூடினால் கத்தியில் அப்பிக்கொண்டு கிழியும். உருளையை முந்தைய இரவே இயந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிடுவேன். குளிர்ந்த உருளையைச் சூடான உள்ளங்கையால் வளைத்துப் பிடித்தால் விரிசல் விடும்; இரண்டு விரல்களை உள்ளே விட்டு விரித்துத்தான் தூக்க வேண்டும். பழைய வரிகள் மறையும்வரை கத்தியை இரண்டு மூன்று நடை ஓட்டுவேன், பிறகு கடைசி நடை அரைத் தவ்வுக்கும் (தவ்வு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாக. சீவல் பஞ்சு இழைபோல் அறுபடாமல் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

எதைச் சீவக்கூடாது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1902 முதல் வந்த கறுப்பு வார்ப்பு உருளைகளையும் 1912இன் நீல செல்லுலாய்டு உருளைகளையும் கத்தியின் அருகே கொண்டுபோகாதீர்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத பழுப்பு உருளை எதையும் முதலில் ஒலிக்கவிட்டுக் கேட்காமல் சீவாதீர்கள். பூஞ்சை பிடித்து வெளுத்திருந்தாலும்கூட. 1890இல் மானிடவியலாளர் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாஸமக்வாடி பழங்குடி மக்களின் பாடல்களையும் பேச்சையும் பதிந்தது இத்தகைய உருளைகளில்தான். ஒரே ஒரு நடை ஓட்டியிருந்தால் அந்தக் குரல்கள் சீவல் தட்டில் விழுந்திருக்கும். என் இயந்திரத்தோடு வந்த பெட்டியில் ஆறு அங்குல அலுவலக உருளைகள் பதினொன்று இருந்தன. எடை குறைந்த மின் ஊசியால் ஒவ்வொன்றையும் கேட்டேன். பத்தில் வெறும் இரைச்சல். ஒன்றில் யாரோ ஒருவர் கடிதம் சொல்லிக்கொண்டே வந்து, இருமி, "அதை அழித்துவிடுங்கள்" என்று மீண்டும் தொடங்குகிறார். அந்த உருளையைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு மறுபடி மௌனத்தைப் பதிந்தேன். சீரான மெல்லிய இரைச்சல், மழை தொலைவில் பெய்வதுபோல. வலது முனைக்கு அரை அங்குலம் இருக்கும்போது மட்டும் கரகரப்பு தொடங்குகிறது. மரைத்தண்டின் அந்தப் பகுதியில் விரலை வைத்துப் பார்த்தால் தேய்மானம் தெரிகிறது. தண்டைக் கழற்றுவதற்குப் பொருத்தமான திருப்புளி என்னிடம் இல்லை. இந்த வாரம் ஒன்றை அராவிச் செய்ய வேண்டும்.