அப்பாவின் உயிலில் என் பெயர் இல்லை: வழக்கு முடியும்வரை வாழக் காசு கேட்ட அனுபவம்

2024 ஜூலையில் அப்பா தவறினார். லண்டன் டூட்டிங்கில் ஆறு வருடம் கூடவே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். வேலையை விட்டுவிட்டு, வீட்டில் ஒருவரைப் பராமரிப்பவருக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸில் காலம் ஓடியது. அப்பா தவறிய நேரம் அது வாரம் 81.90 பவுண்ட். நாம் பராமரித்தவர் இறந்து எட்டு வாரத்தில் அதுவும் நின்றுவிடும். அந்தியேட்டி முடிந்த கிழமை அண்ணா உயிலைக் காட்டினார். வீடு, சேமிப்பு எல்லாம் அவருக்கு. "வீட்டை விற்கப் போறன், நீ ஒரு இடம் பார்" என்றார். எனக்கு அப்போது 47 வயது.

பக்கத்து ஊரான மிட்சமில் ஓர் அறை எடுத்தேன். வாடகை மாதம் 750 பவுண்ட். கையில் இருந்தது நாலு மாதத்துக்குக்கூடக் காணாது.

உயிலே செல்லாது என்று வழக்குப் போடத்தான் முதலில் நினைத்தேன். சொலிசிட்டர் ஒரே சந்திப்பில் அந்த எண்ணத்தை மாற்றினார். அப்பா தெளிவோடு, சாட்சிகள் முன்னால் கையெழுத்து வைத்திருந்தார். உயிலை உடைக்க வழியில்லை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1975இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. உயில் சரிதான், அதில் எனக்கு நியாயமாக எதுவும் வைக்கவில்லை என்று பிள்ளைகள் அதன் கீழ் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு வழக்கு. தெரிந்தவர்கள் என்னைக் கேவியட் போடச் சொன்னார்கள். அது புரொபேட்டையே, அதாவது உயிலின்படி சொத்தைக் கையாளக் கிடைக்கும் சட்ட அனுமதியையே தடுத்துவிடும். அப்பாவின் வங்கிப் பணம் அப்படியே முடங்கிக் கிடந்தால் எனக்கு எதிலிருந்து தருவார்கள்? அதற்குப் பதிலாக ஸ்டாண்டிங் சர்ச் என்ற விண்ணப்பம் போட்டோம். புரொபேட் கிடைத்ததும் நகல் நமக்கு வந்துவிடும். நவம்பரில் வந்தது. அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கைப் பதிய வேண்டும். பிந்தினால் கோர்ட்டின் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஊரில் பங்கு என்று ஒன்றும் கிடையாது. பராமரிப்புக்குத் தேவையானதைத்தான் கேட்க முடியும். சொலிசிட்டர் சொன்ன உதாரணம், தாயின் உயிலில் விடுபட்ட ஹெதர் இலாட் என்ற மகளின் வழக்கு. தாய் விட்டுப்போனது ஏறக்குறைய 4,86,000 பவுண்ட். பெரும்பகுதி விலங்குகளுக்கான தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. அப்பீல் கோர்ட் மகளுக்குக் கூட்டிக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2017இல் மாற்றி, முதல் நீதிபதி கொடுத்த 50,000 பவுண்டையே உறுதி செய்தது. அதைக் கேட்டபோது மனம் சோர்ந்துதான் போனது.

அப்புறம்தான் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னார். வழக்கு முடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதற்கான பிரிவு அது. இரண்டு விஷயம் காட்ட வேண்டும். உடனடிப் பணத் தேவை இருக்கிறது என்பது ஒன்று. இறந்தவர் விட்டுப்போனதில் அதற்கு எடுத்துக் கொடுக்கக்கூடிய பணமோ சொத்தோ இருக்கிறது என்பது மற்றது. எங்கள் விஷயத்தில் அப்பாவின் சேமிப்புக் கணக்கு அப்படியே இருந்தது. வெறும் வீடு மட்டும் இருந்திருந்தால் கஷ்டப்பட்டிருப்பேன்.

ஏப்ரலில் வழக்கோடு சேர்த்தே இந்த மனுவையும் போட்டோம். என்னை வாட்டியது சாட்சி வாக்குமூலம்தான். ஆறு மாத வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ், பஸ் செலவு, அரிசி பருப்பு என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். தங்கையிடம் கடன் வாங்கிய 200 பவுண்டையும் எழுதினேன். கோயிலுக்குப் போட்ட 5 பவுண்ட் அதில் வந்தபோது அழுகை வந்துவிட்டது. ஆனாலும் எதையும் மறைக்கவில்லை, கூட்டியும் எழுதவில்லை. மற்றப் பக்கத்து பாரிஸ்டர் அந்தத் தாளில்தான் ஒவ்வொரு வரியாகக் கேள்வி எழுப்பினார்.

அவர்களின் வாதம், நல்ல உடம்போடு இருப்பவள் வேலைக்குப் போகலாமே என்பது. அப்பாவைத் தூக்கித் தூக்கி என் தோள் இறுகிப் போயிருந்தது. டாக்டரின் கடிதமும், நான் சேர்ந்திருந்த கணக்கு வகுப்பின் பதிவும், வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களும் கொடுத்தோம். கேட்டதும் பெரிய தொகையல்ல: ஒன்பது மாதத்துக்கு மாதம் 1,100 பவுண்ட். நீதிபதி 900 கொடுத்தார். கடைசித் தீர்ப்பில் எனக்கு வரும் தொகையில் இதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். விசாரணை ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய தொகையை ஒரே தடவையில் கேட்பதற்கு முன் யோசியுங்கள். கையில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. அடுத்தது, "வென்றால் மட்டும் ஃபீஸ்" என்ற ஒப்பந்தத்தில் சொலிசிட்டர் கூடுதலாக எடுக்கும் வெற்றிக் கட்டணத்தைச் சொத்திலிருந்து தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. அது நமக்கு வரும் பணத்தில்தான் போகும். கையெழுத்து வைக்க முன்னரே எவ்வளவு என்று கேளுங்கள்.

"அப்பா போய் ஒரு வருசம் ஆகேல்ல, கோர்ட்டுக்குப் போட்டாள்" என்று சொந்தங்கள் கதைத்தார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. முதல் 900 பவுண்ட் வந்தது அப்பாவின் முதலாம் வருட ஆட்டத்திவசக் கிழமை. வாடகைப் பாக்கியைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் பாயாசமும் வைத்துப் படைத்தேன். அண்ணாவுக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை.